ரோமுக்கு அப்புறம் எந்த ஊர்? வெரோனா, பெனவென்ட்டோ, ஆவோஸ்தா, ரிமினி

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோமில் கொலோசியம் பார்த்துவிடுவார்கள். நேரம் இருந்தால் பொம்பேயும் போய் வருவார்கள். அதற்குப் பிறகும் கையில் இரண்டு நாள் மிச்சம் இருந்து, ரோமானியர் கட்டியதில் இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்ற ஆசையும் இருந்தால் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது? யாரைக் கேட்டாலும் வெரோனா என்பார்கள். நல்ல பதில்தான். ஆனால் அதற்கு ஈடாக நிற்கக்கூடிய ஊர்கள் இன்னும் மூன்று இருக்கின்றன: வடமேற்கு மூலையில் ஆல்ப்ஸ் மலைக்குள் ஆவோஸ்தா, ஏட்ரியாட்டிக் கடற்கரையில் ரிமினி, தெற்கே நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம் பெனவென்ட்டோ. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யார் எங்கே போவது நல்லது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் மூடியதால்தான் பொம்பே அப்படியே நமக்குக் கிடைத்தது. இந்த நான்கு ஊர்களுக்கும் அந்தக் காப்பு கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே மனிதர்கள் விடாமல் குடியிருந்து வருகிறார்கள். ஆள் வாழும் ஊரில் பழைய கல் சும்மா கிடக்க விடமாட்டார்கள். வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போவார்கள், பளிங்கைக் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக்கிவிடுவார்கள். தப்பியவற்றில் பெரும்பாலானவை ஊருக்கு ஏதோ ஒரு விதத்தில் உதவியதால் தப்பின. தோரணவாயில் கோட்டை வாசலாயிற்று, ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டியிருந்தது, அரங்கில் கூத்து நடந்தது. ஆகவே எத்தனை கட்டடம் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதோடு, அது ஊரோடு சேர்ந்து எப்படி வாழ்ந்தது என்பதைப் போகிறவர் தம் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

வெரோனாவிலிருந்து தொடங்குவோம். ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தால் பிரா சதுக்கத்தில் அரேனா எதிரே வந்து நிற்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியில், அன்றைய ஊர் மதிலுக்கு வெளியே கட்டிய வட்டரங்கு அது. 1117-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் வெளிச்சுற்று கிட்டத்தட்ட முழுவதும் சரிந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் 72 வளைவுகள் உள்சுற்றைச் சேர்ந்தவை. வெளிச்சுற்றில் நான்கே நான்கு வளைவுகள் மட்டும் ஒரு பக்கம் தனியாக உயர்ந்து நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முழுக் கட்டடமும் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1913-இல் இசையமைப்பாளர் வெர்டி பிறந்து நூறாண்டு ஆனதைக் கொண்டாட 'ஐடா' ஆப்பெராவை இங்கே அரங்கேற்றினார்கள். போர்க்காலங்களில் நின்றது தவிர அந்தக் கோடை ஆப்பெரா விழா இன்றும் நடக்கிறது. ரோமானியர் கட்டிய கல் படிக்கட்டு அரங்கில் ஆயிரக்கணக்கானோரோடு உட்கார்ந்து இரவில் பாட்டுக் கேட்கும் அனுபவம் மற்ற மூன்று ஊரிலும் இந்த அளவில் கிடைக்காது. ஆனால் அந்தப் பருவத்தில் பகலில் போனால் மேடையும் நாற்காலி வரிசைகளும் ராட்சச அலங்காரப் பொருள்களும் பாதி அரங்கை அடைத்துக்கொண்டிருக்கும். கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றே போகிறவர்கள் கோடையைத் தவிர்ப்பது நல்லது.

அரேனாவோடு முடிந்துவிடவில்லை. போர்சாரி வாசலின் வெள்ளைக் கல் முகப்பு ஊருக்குள் அப்படியே நிற்கிறது. கீழே இரண்டு வழிகள், மேலே இரண்டு அடுக்காகப் பன்னிரண்டு சன்னல்கள். கி.பி. 265-இல் படையெடுப்பு அச்சத்தில் பேரரசர் கேலியனஸ் ஊர் மதிலைப் புதுப்பித்தபோது, ஏப்ரலில் தொடங்கி டிசம்பருக்குள் வேலையை முடித்ததாக இந்த வாசல் முகப்பிலேயே வெட்டிவைத்தார்கள். எட்டே மாதம்! எவ்வளவு அவசரம் இருந்திருக்க வேண்டும் என்று அந்தக் கல்வெட்டே சொல்லிவிடுகிறது. அதே வேலையில்தான் வெளியே நின்ற அரேனாவையும் மதிலுக்கு உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எதிரி ஏறி உட்கார்ந்து ஊரை அடிக்க வசதியான இடமாக அது ஆகிவிடக் கூடாதே.

காவி குடும்பத்தாரின் தோரணவாயில் கதை வேறு மாதிரி. 1805-இல் பிரெஞ்சுப் படையினர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். கற்கள் பத்திரமாக இருந்ததால் 1932-இல் காஸ்தெல்வெக்கியோ கோட்டைக்குப் பக்கத்தில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். கட்டிய சிற்பி லூசியஸ் விட்ருவியஸ் செர்தோ தன் பெயரை அதில் வெட்டியிருக்கிறார். ரோமானியக் கட்டடங்களில் கட்டியவர் பெயர் இப்படித் தெரிவது அபூர்வம். அடிஜே ஆற்றின் மேல் நிற்கும் பியெத்ரா பாலத்தை 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. போர் முடிந்த பிறகு ஆற்றுக்குள் விழுந்த கற்களையே தேடி எடுத்து 1950-களின் கடைசியில் திரும்பக் கட்டினார்கள். வெள்ளைக் கல் தெரியும் இடது கரை வளைவுகள் ரோமானியக் கட்டுமானம், செங்கல் தெரியும் இடங்கள் பிற்காலத்தவை. பாலத்துக்கு அப்பால் குன்றின் சரிவில் நாடக அரங்கு. 1830-களில் ஆந்திரேயா மோங்கா என்ற வணிகர் மேலே இருந்த வீடுகளைத் தன் காசில் வாங்கி, இடித்து, தோண்டியதால்தான் அது வெளியே வந்தது.

இவ்வளவும் இருந்தும் ஏன் வெரோனாவுக்கு முதலிடம் கொடுக்கவில்லை? வெரோனாவில் ரோமானிய ஊர் என்பது பல அடுக்குகளில் ஓர் அடுக்கு மட்டும். ஸ்காலிகேர் பிரபுக்களின் இடைக்காலக் கோட்டைகள், வெனிஸ் ஆட்சிக்கால மாளிகைகள், ஜூலியட் வீட்டு மாடத்தைப் பார்க்க நெரியும் கூட்டம் எல்லாம் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. ரோமானிய ஊரின் மையச் சதுக்கமான ஃபோரம் இருந்த இடம் இன்றைய எர்பே சதுக்கம். ஆனால் அங்கே நிற்கும்போது ஃபோரத்தின் நினைப்பே வராது. இசையும் வேண்டும், ஒயினும் வேண்டும், நடுவில் ரோமும் வேண்டும் என்பவருக்கு வெரோனா பொருத்தம். ரோமுக்காகவே போகிறவருக்கு வேறு ஊர் இருக்கிறது.

பெனவென்ட்டோ இதற்கு நேர் எதிர். அங்கே வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் கிடையாது. போவதற்கு முதல் காரணமே ஒரே ஒரு கட்டடம்தான்: கி.பி. 114-ஐச் சேர்ந்த, பேரரசர் டிரேஜனின் தோரணவாயில். பெனவென்ட்டோவிலிருந்து பிரிண்டிசி துறைமுகத்துக்கு டிரேஜன் போட்ட புதுச் சாலை அந்த இடத்தில்தான் தொடங்கியது. உயரம் 15 மீட்டருக்குச் சற்று மேல். ரோமில் இருக்கும் கான்ஸ்டன்டைன் தோரணவாயிலைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது சின்னதாகத் தெரியலாம். ஆனால் உச்சியிலிருந்து அடிவரை சிற்பம், அதுவும் பெரும்பாலும் சிதையாத சிற்பம். ரோமுக்குப் பின் இங்கே ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான லாம்பார்டுகள் காலத்தில் இதை ஊர் மதிலோடு சேர்த்து வாசலாக ஆக்கிக்கொண்டார்கள், பொன்வாசல் என்று பேரும் வைத்தார்கள். வாசலாக வேலை செய்ததால் யாரும் கல்லைப் பெயர்க்கவில்லை.

ஊரைப் பார்த்த முகத்தில் ரோமுக்குள் டிரேஜன் செய்தவை, வெளியைப் பார்த்த முகத்தில் மாகாணங்களிலும் எல்லைகளிலும் செய்தவை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் மேலே ரோமானியத் தேவர்களின் தலைவர் ஜுபிட்டரே டிரேஜனிடம் தன் வஜ்ராயுதத்தை நீட்டுகிறார். அரசியல் விளம்பரம்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் வழிக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பாருங்கள். ஒரு பக்கம் சாலைத் திறப்புக்கான பலிச் சடங்கு. எதிர்ப்பக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி வழங்கும் காட்சி. தகப்பன்கள் நிற்கிறார்கள். ஒருவர் தோளில் குழந்தை ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோட்டை மதில் மாதிரி முடி தரித்த பெண்கள் இத்தாலிய ஊர்களைக் குறிக்கிறார்கள். இது வெறும் புகழ்ச்சியும் இல்லை. நில உடைமையாளர்களுக்கு அரசு கடன் கொடுத்து, அந்த வட்டியில் உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்க்கும் திட்டம் உண்மையில் நடந்தது. பெனவென்ட்டோவுக்குப் பக்கத்தில் கிடைத்த கி.பி. 101-ஆம் ஆண்டு வெண்கலப் பட்டயம் ஒன்றில் கடன் வாங்கியவர்கள் பெயரும் அவர்கள் நிலமும் வரிசையாக இருக்கின்றன. பேரரசரின் வெற்றியைப் பாட எழுப்பிய தோரணவாயிலில், சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி, தகப்பன் தோளில் உட்கார்ந்த பிள்ளையைச் செதுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்களே, அதற்காகவே நான் இந்த ஊரைச் சிபாரிசு செய்வேன்.

மற்றவை? பேரரசர் ஹேட்ரியன் காலத்து நாடக அரங்கு, ஏறத்தாழ 10,000 பேர் உட்காரக் கூடியது, நன்றாகவே நிற்கிறது. பேரரசர் டொமிஷியன் ஐசிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் கோயிலுக்காக எழுப்பிய, எகிப்திய எழுத்து வெட்டிய செந்நிறக் கிரானைட் தூண் ஒன்று ஊர்ச் சதுக்கத்தில் நிற்கிறது. ஆப்பியா சாலை ஊருக்குள் நுழைந்த பழைய பாலம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இந்த ஆப்பியா சாலைக்கு 2024-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. 1943 குண்டுவீச்சில் ஊர் பெருஞ்சேதம் அடைந்ததால் இந்த இடங்களுக்கு நடுவே நடக்கும்போது பழைய ஊர் விட்டுவிட்டுத்தான் தெரியும். ஒரு நாள் போதும். ரோமிலிருந்து பாரி போகும் விரைவு ரயில் பாதையில் இருப்பதால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், காலையில் போய் இரவு திரும்புவதும் சாத்தியம்.

ஆவோஸ்தாவைப் பற்றிப் பேசும்போது ஒரு வருத்தத்தையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு சலாசி என்ற மலைக்குடியினருடையது. பொன் சுரங்கமும் மலைக் கணவாய்களும் அவர்கள் கையில் இருந்தன. சாலை போடுகிறோம், பாலம் கட்டுகிறோம் என்ற சாக்கில் ரோமானியப் படையணிகள் மேல் பாறைகளை உருட்டிவிட்டார்கள், சீசரின் பணத்தையே கொள்ளையடித்தார்கள் என்று அக்காலக் கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். கி.மு. 25-இல் முதல் பேரரசர் ஆகஸ்டஸின் தளபதி டெரன்ஷியஸ் வாரோ அவர்களை வென்றார். 36,000 பேரும், அவர்கள் தவிரப் போர் செய்யக்கூடிய 8,000 பேரும் அடிமைகளாக ஏலம் போனார்கள் என்பதும் ஸ்ட்ராபோ தரும் கணக்கு. அந்த மண்ணில் ஓய்வுபெற்ற காவற்படை வீரர்கள் 3,000 பேரைக் குடியேற்றி அமைத்த ஊர்தான் ஆவோஸ்தா.

ஸ்ட்ராபோவை மட்டும் படித்தால் சலாசி மக்கள் அடியோடு அழிந்துபோனார்கள் என்று தோன்றும். ஆனால் ஆவோஸ்தாவிலேயே ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஊர் தொடங்கிய நாள் முதலே இங்கே வந்து சேர்ந்து வாழும் சலாசி மக்கள் ஆகஸ்டஸைத் தம் காவலராகப் போற்றி வைத்த கல் அது, ஊர் பிறந்து ஓரிரு ஆண்டுகளில் வெட்டியது. ஆக, ஒரு பகுதியினர் அங்கேயே இருந்திருக்கிறார்கள். என்ன மனநிலையில் அந்த வாசகத்தை எழுத ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் கல் சொல்லாது. தோற்றவர்கள் பேசும் சான்று ரோமானிய வரலாற்றில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

ஊர் அமைப்பு என்று பார்த்தால் நான்கில் ஆவோஸ்தாவை அடிக்க ஆள் இல்லை. 724 மீட்டருக்கு 572 மீட்டர் செவ்வக மதில் பெரும்பகுதி இன்னும் ஊரைச் சுற்றி நிற்கிறது, வெளிப்பூச்சுக் கல் போய் உட்கூடு மட்டும் தெரிகிற இடங்கள் பல என்றாலும். படைவீடு மாதிரி நேர்கோட்டில் போட்ட தெருக்களில்தான் இன்றும் மக்கள் நடமாடுகிறார்கள். கிழக்கிலிருந்து வருவதே சரியான வரிசை. முதலில் பழைய ரோமானியப் பாலம்: அதற்கு அடியில் ஓடிய பூத்தியே ஆறு தடம் மாறிவிட்டதால் பாலம் இப்போது தண்ணீரே இல்லாத இடத்தில் நிற்கிறது, ஆனாலும் மக்கள் அதன் மேல் நடந்துதான் போகிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஆகஸ்டஸ் தோரணவாயில். மேலே இருந்த மாடப்பகுதி சிதைந்ததால் மழைநீர் இறங்காமலிருக்க 1716-இல் பலகைக்கல் கூரை வேய்ந்தார்கள். வளைவுக்கு நடுவே சிலுவை ஒன்று தொங்குகிறது. பேரரசரின் வெற்றிச் சின்னம், மலைநாட்டு ஓட்டுக்கூரை, சிலுவை மூன்றும் ஒரே சட்டகத்தில்.

அங்கிருந்து நேரே நடந்தால் பிரிட்டோரியா வாசல். இரண்டு பெரும் சுவர்கள், நடுவே முற்றம், ஒவ்வொரு சுவரிலும் மூன்று வழிகள்: நடுவில் வண்டிக்கு, இரு பக்கமும் நடப்பவருக்கு. இன்றைய தெரு ரோமானியத் தரைக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டதால் பக்க வழிகள் குட்டையாகத் தெரியும். ஓரத்தில் தோண்டி விட்டிருக்கும் பள்ளத்தை எட்டிப் பார்த்தால்தான் முழு உயரம் புரியும். கூழாங்கல் பதிந்த முரட்டுப் பாறைத் துண்டுகளால் கட்டி, மேலே பளிங்குப் பலகை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பலகை சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே நாடக அரங்கின் 22 மீட்டர் உயர முகப்புச் சுவர், பின்னால் பனிமலை. கதீட்ரல் பக்கம் இறங்கினால் ஃபோரத்துக்குக் கீழே மூன்று பக்கமும் வளைந்து ஓடும் இரட்டை நிலவறைப் பாதை. வெளியே வெயில் எப்படி இருந்தாலும் அங்கே சில்லென்றுதான் இருக்கும்.

கார் இருந்தால் ஆவோஸ்தாவின் மதிப்பு இன்னும் கூடும். சில கிலோமீட்டரில் போந்தேல் கிராமத்துக்குப் பக்கத்தில் கி.மு. 3-இல் கட்டிய நீர்க்கால்வாய்ப் பாலம், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஐம்பது மீட்டருக்கும் மேலே நிற்கிறது. பதுவா ஊரைச் சேர்ந்த அவில்லியஸ் கைமஸ் என்பவர் தன் சொந்தச் செலவில் கட்டிய தனியார் பாலம் என்று அதன் மேலேயே கல்வெட்டு இருக்கிறது. மேலே தண்ணீர் ஓடிய தடம், கீழே ஆள் நடக்கும் மூடிய பாதை. அந்தப் பாதைக்குள் இன்று நாமும் நடக்கலாம். பள்ளத்தாக்கின் வாசல் பக்கம் தோன்னாஸில், மலைப்பாறையைச் செங்குத்தாக வெட்டி எடுத்துச் சாலை போட்டிருக்கிறார்கள். ஒரு மைல்கல்லையும் ஒரு வளைவையும்கூட அதே பாறையில் விட்டு வெட்டியிருக்கிறார்கள். தரையில் வண்டித்தடம் பதிந்திருக்கிறது.

குறை என்றால் போக்குவரத்துதான். இவ்ரேயாவிலிருந்து ஆவோஸ்தா போகும் ரயில் பாதையை மின்மயமாக்க 2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கிளம்பும் முன் இன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் இல்லையென்றால் தூரினிலிருந்தோ மிலானிலிருந்தோ பேருந்து. ரோமிலிருந்து நேராகப் போய் வருவது வேண்டாத வேலை. சுவிட்சர்லாந்தோ பிரான்ஸோ போகும் வழியில் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இனி ரிமினி. இத்தாலியர்களுக்கே அது முதலில் கடற்கரை ஊர். கோடையில் மணல் தெரியாத அளவுக்குக் குடை விரித்திருப்பார்கள். பயணத் திட்டம் போடுகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஊரையே தள்ளிவிடுகிறார்கள். ஆனால் ரயில் நிலையத்துக்குக் கடற்கரைக்கு எதிர்ப்பக்கம் இறங்கினால், கி.மு. 268-இல் ரோம் குடியேற்றிய ஊர் அப்படியே கிடக்கிறது. பெனவென்ட்டோவுக்கும் அதே ஆண்டுதான். ஒன்று வடக்கு வாசலைக் காக்க, ஒன்று தெற்கைப் பிடிக்க. ரோமிலிருந்து வரும் ஃபிளமினியா சாலை ரிமினியில் முடிகிறது. போ சமவெளிக்குள் போகும் எமிலியா சாலை ரிமினியில் தொடங்குகிறது. முதல் சாலையின் கடைசியில் தோரணவாயில், இரண்டாவது சாலையின் தொடக்கத்தில் பாலம். இரண்டையும் இணைக்கும் ஆகஸ்டஸ் தெரு நேர்கோடாக ஓடுகிறது, நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். வயதான பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: மேடு பள்ளம் இல்லாத தெரு, உட்கார இடம் உண்டு, வண்டித் தொல்லை குறைவு.

தோரணவாயில் கி.மு. 27-ஐச் சேர்ந்தது. ரோமானியத் தோரணவாயில்களில் இன்று நிற்பவற்றுள் இதுவே பழமையானது என்பார்கள். ஃபிளமினியா உள்ளிட்ட சாலைகளைச் செப்பனிட்டதற்காக ஆகஸ்டஸுக்குச் செனட் எடுத்தது. நடுவழி ஒன்பது மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். கதவு போட்டு அடைக்க முடியாத அகலம். உள்நாட்டுப் போர் ஓய்ந்துவிட்டது, இனி ஊருக்குக் கதவு தேவையில்லை என்ற அறிவிப்பாக அதைப் படிக்கிறார்கள். வெளிப்பக்கம் ஜுபிட்டரும் அப்பல்லோவும், ஊர்ப்பக்கம் நெப்டியூனும் ரோமாதேவியும் வட்டப் பதக்கங்களிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். உச்சியில் இருந்திருக்க வேண்டிய சிலை இப்போது இல்லை. அங்கே இடைக்காலத்தில் கட்டிய செங்கல் மதில்பற்கள் வரிசையாக நிற்கின்றன. அமைதிக்காகக் கதவில்லாமல் கட்டிய வாசலைப் பின்னால் வந்தவர்கள் அம்பு எய்யும் அரணாக மாற்றிக்கொண்டார்கள். இரண்டு காலமும் ஒரே பார்வையில் தெரிகிறது.

பாலம்தான் ரிமினியின் கிரீடம். கி.பி. 14-இல் ஆகஸ்டஸ் காலத்தில் தொடங்கி 21-இல் டைபீரியஸ் காலத்தில் முடித்தார்கள். பக்கச்சுவரின் உட்புறக் கல்வெட்டில் இருவர் பெயரும் இருக்கின்றன. இஸ்திரியாவின் வெண்கல்லில் ஐந்து வளைவுகள். கரைக்கு இறங்கித் தண்ணீர் மட்டத்திலிருந்து பாருங்கள். தூண்களின் அடிப்பகுதி பாலத்துக்கு நேர்க்குத்தாக இல்லாமல் சாய்வாக வைத்திருக்கிறது தெரியும். அன்றைக்கு மரேக்கியா ஆறு எந்தச் சாய்வில் வந்ததோ, அந்த ஓட்டத்தை எதிர்த்து நிற்காமல் அதன் போக்கிலேயே தூணைத் திருப்பியிருக்கிறார்கள். கி.பி. 552 வாக்கில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவரோடு நடந்த போரில் வளைவு ஒன்று அடிபட்டது, பல நூற்றாண்டு கழித்து 1680-இல்தான் சரியாகப் பழுது பார்த்தார்கள். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஆற்றின் மற்றப் பாலங்களைத் தகர்த்தபோது இது தப்பியது. போர் முடிந்து பல பத்தாண்டுகள் காரும் வேனும் இதன் மேல்தான் ஓடின. 2020-இல்தான் வண்டிகளை நிறுத்தினார்கள். இரண்டாயிரம் ஆண்டு விடாமல் வேலை பார்த்த பாலத்துக்கு ஓய்வு கொடுத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். அக்கரையில் சான் ஜூலியானோ என்ற பழைய மீனவர் குடியிருப்பு. மாலை வேளையில் ஊர்க்காரர்கள் பாலத்தைத் தாண்டி அங்கே சாப்பிடப் போவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பியாதீனா ரொட்டியில் சீஸும் கீரையும் வைத்துக் கேட்கலாம், எங்கேயும் கிடைக்கும். பழைய முறையில் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள் என்பதால் ஆலிவ் எண்ணெய் போட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவே, தெருவிலிருந்து சற்று விலகி, ஃபெராரி சதுக்கத்தில் மருத்துவர் வீடு இருக்கிறது. 1989-இல் தோண்டத் தொடங்கி 2007-இல் மக்களுக்குத் திறந்தார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தீப்பிடித்து வீடு ஒரேயடியாக இடிந்து விழுந்தது. வடக்கிலிருந்து வந்த ஜெர்மானியப் படையெடுப்போடு இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். வெரோனாக்காரர்கள் எட்டு மாதத்தில் மதில் எழுப்பியதும் அதே பயத்தால்தான். கூரை சரிந்து மூடியதால் உள்ளே இருந்தது அப்படியே நின்றுவிட்டது: சுமார் 150 அறுவைக் கருவிகள். கத்திகள், இடுக்கிகள், பல் பிடுங்கும் குறடு, எலும்பைத் தூக்கிச் சரிசெய்யும் நெம்புகோல்கள், அம்புமுனையை உடம்பிலிருந்து எடுக்கும் கருவி. தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போனவையும் உண்டு. மருந்து அரைக்கும் கல்வங்களும், வெந்நீர் ஊற்றிக் காலுக்கு ஒத்தடம் கொடுக்கப் பாத வடிவில் செய்த மண்பாத்திரமும் கிடைத்தன. பெரும்பாலும் காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் உரிய கருவிகள் என்பதால் இவர் படையோடு போய் வந்த மருத்துவராக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

வீட்டுத் தரையில் விலங்குகள் சூழ, கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் உட்கார்ந்திருக்கும் மொசைக். கண்ணாடிப் பாலத்தின் மேல் நடந்து கீழே பார்க்க வேண்டும். நோயாளிகள் படுத்திருந்த அறை என்று கருதும் இடத்துச் சுவரில் யாரோ கூரான பொருளால் கீறிய எழுத்து இருந்தது: யூட்டிகீஸ் என்ற நல்ல மனிதர் இங்கே குடியிருக்கிறார் என்று. பெயர் கிரேக்கப் பெயர். மருத்துவரின் பெயர் நமக்குத் தெரிந்திருப்பது, படுக்கையில் கிடந்த நோயாளி ஒருவர் நன்றியோடு சுவரில் கீறி வைத்ததால்தான். பேரரசர்கள் பளிங்கில் வெட்டிக்கொண்ட பட்டங்களை எல்லாம் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது மனம் நெகிழ்ந்துபோகும். கருவிகளைப் பக்கத்திலேயே உள்ள நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் அறையையும் அங்கே மறுபடி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே பாருங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இதற்காகவே ரிமினி போகலாம்.

ஆகஸ்டஸ் தெரு நடுவில் வரும் மூன்று தியாகிகள் சதுக்கம்தான் பழைய ஃபோரம். கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைத் தாண்டிய சீசர் முதலில் பிடித்த ஊர் இது. படையினரிடம் அவர் இங்கே நின்று பேசினார் என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். சதுக்கத்தின் இன்றைய பெயர் 1944 ஆகஸ்டில் அங்கே தூக்கிலிடப்பட்ட மூன்று எதிர்ப்புப் போராளிகளைக் குறிக்கிறது. வட்டரங்கின் மிச்சமும் ஊரில் உண்டு, ஆனால் வெரோனாவைப் பார்த்தவர்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, முடிவு. சிற்பத்தின் முன் அரை மணி நேரம் நின்று ஒவ்வொரு முகமாகப் படிக்கப் பிடிக்குமா? ரோமிலேயே தங்கிக்கொண்டு ஒரு நாள் பெனவென்ட்டோ போய் வாருங்கள். கோடையில் போகிறீர்கள், ஆப்பெரா டிக்கெட் கிடைத்துவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், வெரோனா. மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ரயிலில் போகலாம் என்பதும் அதற்குச் சாதகம். கார் ஓட்டுவீர்கள், மலை பிடிக்கும், ஒரு ரோமானிய ஊரின் எலும்புக்கூட்டை மதில், வாசல், தெரு, அரங்கு என்று முழுசாகப் பார்க்க வேண்டும், அதன் விலையாகப் போன மக்களையும் நினைக்க வேண்டும் என்றால் ஆவோஸ்தா. அதற்கு இரண்டு நாள் போதாது, மூன்றாவது வேண்டும். பனிக்காலத்தில் மலைப்பக்க இடங்கள் திறந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும் அவசியம்.

மற்ற எல்லோருக்கும், அதாவது கார் இல்லாமல், குடும்பத்தோடு, முதல் தடவையாக இப்படி ஓர் ஊருக்குப் போகிறவர்களுக்கு என் தேர்வு ரிமினி. பேரரசர் எழுப்பியதும், பொறியாளர் கட்டியதும், சாதாரண மருத்துவர் வாழ்ந்த வீடும் ஒரே நடையில் கிடைப்பது இங்கேதான். பொலோனியாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தோரணவாயிலுக்கும் பாலத்துக்கும் கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பார்க்கலாம். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியில் போனால் கடற்கரைக் கூட்டமும் இருக்காது, அறை வாடகையும் இறங்கியிருக்கும். மருத்துவர் வீடும் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும் என்பதால் சனி, ஞாயிறாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.